பெட்டிக்குள் கிடக்கும் வீடியோ கெசட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி?



சென்ற மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். மேல் டிவிசனில் இருந்து ஓர் அக்கா என் காரியாலயத்துக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய சேலைத் துண்டில் சுற்றிய மூன்று வீடியோ கெசட்டும் ஒரு சின்னக் கமராவும் இருந்தன.

"ஐயா, இத போன்ல பாக்கிற மாதிரி பண்ணித் தர முடியுங்களா?" என்று கேட்டார்.

என்ன கெசட் என்று விசாரித்தேன். "பெருசு எங்க கல்யாணம். சின்னது ரெண்டும் காமன் கூத்து. எங்க வீட்டுக்காரரு ரதி வேசம் கட்டுன வருசம். நாத்தனா குவைத்தில இருந்து வந்தப்ப கொண்டாந்த கமராவுல புடிச்சது. பேத்தி தாத்தா கொரலையே கேட்டதில்லீங்க ஐயா" என்றார்.

அவருடைய கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் மாட்டியிருக்கும் படம்கூட அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதுதான். பேச்சு, நடை, சிரிப்பு எல்லாம் அந்த மூன்று கெசட்டுக்குள் மட்டும்.

அன்றைக்கு எனக்கு இந்த வேலை அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டு மூன்று தவறு செய்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, கடைசியில் ஒருவாறு கற்றுக்கொண்டேன். அதை உங்களுக்கும் சொல்லவே இந்தப் பாடம். லயத்திலும் தனி வீட்டிலும் ட்ரங்குப் பெட்டிக்குள் இப்படி எத்தனை கெசட் கிடக்கிறதோ!

ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்த இடம் இந்த மாத்தளை. வழியில் இறந்தவர் எத்தனையோ பேர். அதை நினைவு கூர்ந்து 2023இல், மலையகம் 200 நிகழ்வாக, தலைமன்னாரில் ஜூலை 28ஆம் திகதி புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. வழி நெடுகப் பலர் போனில் படம் பிடித்தார்கள். ஆனால் அன்று உண்மையில் நடந்து வந்தவர்களின் குரல் ஒன்றுகூட நம்மிடம் கிடையாது. அப்போது கருவி இல்லை, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நம் அப்பா, தாத்தாவின் குரல் அப்படியல்ல. பதிவாகி, நம் வீட்டிலேயே இருக்கிறது. அதையும் விட்டுவிட்டால் பழி நம் மேல்தான்.

கெசட்டுக்கு ஆயுள் உண்டு. பிளாஸ்டிக் நாடாவின் மேல் காந்தத் தூளைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். வருடம் போகப் போக அந்தப் பசை இளகும், தூள் உதிரும். நம் பக்கத்து ஈரக்காற்றில் பூஞ்சணமும் பிடிக்கும். கெசட் நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் இயந்திரம் கிடைப்பதில்லை. வீ.எச்.எஸ். டெக்கைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் பூனாய் கொம்பனி 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது: 2025க்குள் கணினிக்கு மாற்றாத நாடாக்களில் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்று. பெரிய அரசாங்கக் காப்பகமே இப்படிப் பயப்படும்போது, அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் பெட்டியைப் பற்றி என்ன சொல்வது.

முதலில் கெசட்டை அடையாளம் காணுங்கள்

நம் வீடுகளில் பெரும்பாலும் மூன்று வகை இருக்கும். ஒரு கொப்பியின் அகலத்துக்கு, கையில் எடுத்தால் கனமாக இருப்பது வீ.எச்.எஸ். கல்யாணம், சடங்கு எல்லாம் ஸ்டூடியோக்காரர் இதில்தான் போட்டுத் தந்தார்கள். பாட்டு கேட்கும் ஓடியோ கெசட் அளவில், கொஞ்சம் தடிப்பாக இருப்பது வீடியோ 8 அல்லது ஹை 8. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, உள்ளங்கையில் அடங்குவது மினி டீவி. இந்த டீவி தொலைக்காட்சி டீவி அல்ல. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கமராவில் ஆங்கிலத்தில் பாருங்கள், டெலிவிசனின் முதலெழுத்து இருக்காது, டொக்டரின் முதலெழுத்து இருக்கும். டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம் அது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? வீ.எச்.எஸ்., வீடியோ 8, ஹை 8 மூன்றும் பழைய முறை. படம் நாடாவில் ஓர் அலையாகப் பதிந்திருக்கும். மினி டீவியில் படம் எண்களாகப் பதிந்திருக்கும். நம் வேலையை வைத்தே சொல்கிறேன். கொழுந்தை ஒரு சாக்கில் இருந்து இன்னொரு சாக்குக்கு மாற்ற மாற்ற அது கசங்கும். ஆனால் "18 கிலோ" என்று துண்டில் எழுதியதைப் பார்த்து இன்னொரு துண்டில் எழுதினால் அது 18 கிலோதான், கசங்காது. பழைய முறை சாக்கு மாற்றுவது போல. மினி டீவி துண்டு எழுதுவது போல. சரியான வயரைக் கொடுத்தால் கெசட்டில் உள்ளது ஒரு புள்ளிகூடக் குறையாமல் கணினிக்குள் போகும்.

வயரில்தான் எல்லாம்

நான் செய்த முதல் தவறு இங்கேதான். அக்காவின் கமராவைப் பார்த்தேன். பக்கத்தில் யூ.எஸ்.பி. துவாரம் இருந்தது. அட, சுலபம் என்று நினைத்து டவுனுக்குப் போய் வயர் வாங்கி வந்து மாட்டினேன். கணினி கமராவைக் கண்டுகொண்டது. உள்ளே பார்த்தால் வீடியோ ஒன்றும் இல்லை! கமராவின் மெமரி கார்டில் இருந்த நான்கு போட்டோ மட்டும் வந்தது. அரை நாள் இதோடு போராடினேன்.

காரணம் பிறகுதான் விளங்கியது. மினி டீவி ஓடும்போது படத்துக்கு மட்டும் ஒரு விநாடிக்கு 25 மெகாபிட் தகவல் வெளியே வரும். அந்தக் காலத்து யூ.எஸ்.பி. கொண்டுபோகக்கூடியது விநாடிக்கு 12 மெகாபிட்தான். முக்கால் அங்குலக் குழாயில் வரும் தண்ணீரை அரை அங்குலக் குழாயில் விட்ட மாதிரி. ஆகவே பின்னால் வந்த சில கமராக்கள் தவிர, மற்றவற்றில் யூ.எஸ்.பி. என்பது போட்டோ எடுப்பதற்கு மட்டும். வீடியோவுக்கென்று வேறு ஒரு துவாரம் உண்டு. அதன் பெயர் பயர்வயர். 1995இல் ஐ.இ.இ.இ. 1394 என்ற எண்ணில் தரப்படுத்தப்பட்டது. சோனி கொம்பனி அதையே ஐ-லிங்க் என்று அழைத்தது. சில கமராவில் டீவி அவுட் என்று மட்டும் எழுதியிருக்கும். மூன்று பெயரும் ஒன்றுதான். அது விநாடிக்கு 400 மெகாபிட் கொண்டுபோகும்.

கமரா பக்கம் இருப்பது நான்கு பின் உள்ள மிகச் சின்னத் துவாரம். கணினிப் பக்கம் பெரும்பாலும் ஆறு பின். ஆகவே நான்குக்கு ஆறு வயர் கேளுங்கள். பழைய லெப்டொப் சிலவற்றில் இரு பக்கமும் நான்கு. நீளம் நாலரை மீற்றருக்கு மேல் வேண்டாம்.

இன்றைய கணினிகளில் பயர்வயர் துவாரமே வருவதில்லை. இதைப் பார்த்துவிட்டு, ஒரு முனை பயர்வயர், மறுமுனை யூ.எஸ்.பி. என்று மலிவாக விற்கும் வயரையோ, சின்ன மாற்றி பிளக்கையோ வாங்காதீர்கள். அது முனையைத்தான் மாற்றும். உள்ளே போகும் பாஷையை மாற்றாது. காசு வீண். மேசைக் கணினியாக இருந்தால் பயர்வயர் கார்ட் ஒன்றை உள்ளே பொருத்தலாம், பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். விண்டோஸ் 8க்குப் பிந்திய கணினியில் கார்ட் போட்டும் கமரா தெரியாவிட்டால், பழைய 1394 டிரைவரை (லெகசி டிரைவர் என்பார்கள்) தேடிப் போட வேண்டியிருக்கும்.

என் அனுபவத்தில் இவை எல்லாவற்றிலும் சுலபமான வழி, பழைய விண்டோஸ் எக்ஸ்பி அல்லது 7 உள்ள கணினி ஒன்றைத் தேடிப் பிடிப்பது. இன்டர்நெட்டில் இணைக்காமல் இந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஏதாவது காரியாலயத்திலோ, மூடிய கணினி வகுப்பிலோ ஒரு மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும். பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் பின்பக்கம் ஒரு முறை பாருங்கள். எங்களுக்கும் அப்படித்தான் ஒன்று கிடைத்தது. 2000க்குப் பிந்திய சில வருடங்களில் வந்த லெப்டொப் பலவற்றில் அந்த நான்கு பின் துவாரம் இருக்கிறது.

கெசட்டைப் போடும் முன்

எடுத்த உடனே கமராவில் போட்டுவிடாதீர்கள். சின்னக் கண்ணாடி மூடி வழியாக நாடாவை வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவியது போல இருந்தால் அது பூஞ்சணம். அதைப் போட்டால் கமராவின் தலை (ஹெட்) அழுக்காகும், நாடா ஒட்டி அறுந்துவிடும், அடுத்துப் போடும் நல்ல கெசட்டுக்கும் தொற்றும். அதைத் தனிப் பையில் போட்டு வேறாக வையுங்கள். மூக்கு வாயை மூடிக்கொண்டு கையாளுங்கள், அந்தத் தூள் இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் கெசட்டோடு சில வாரம் போட்டு உலரவிடலாம். வெயிலில் காய வைக்காதீர்கள், அடுப்படிக்கும் கொண்டுபோகாதீர்கள்.

நல்லதாகத் தெரியும் கெசட்டில் எழுத்துப் பூட்டைப் போடுங்கள். மினி டீவியின் முதுகில் உள்ள சின்ன நகரும் துண்டை "சேவ்" என்ற பக்கம் தள்ள வேண்டும். வீ.எச்.எஸ்.ஸில் ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் கைதவறி சிவப்புப் பொத்தானை அழுத்தினால் தாத்தா மேல் உங்கள் வீட்டுச் சுவர் பதிவாகிவிடும்.

பிறகு, யாருக்கும் வேண்டாத ஒரு கெசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். கமரா நாடாவை மெல்லுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். எல்லாம் சரி என்றால் உங்கள் கெசட்டைக் கடைசிவரை ஓட்டி, திரும்ப முதலுக்குச் சுற்றுங்கள். பல வருடம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்த நாடா அதனால் சீராகும்.

நம் மலையில் இன்னொரு தொல்லை. பனி மூட்டத்தில் கமராவைக் கொண்டுவந்து சூடான அறையில் வைத்தால் உள்ளே வியர்க்கும். திரையில் துளி போல ஓர் அடையாளம் காட்டும், கமரா ஓடாது. பழுது என்று பயந்து தட்டாதீர்கள். கெசட் மூடியைத் திறந்து வைத்து ஒரு மணித்தியாலம் சும்மா விடுங்கள்.

இணைக்கும் முறை

கமராவை பெட்டரியில் ஓட்ட வேண்டாம். பாதியில் நின்றுபோகும். அடெப்டரைப் போட்டு கரண்டில் கொடுங்கள். கணினியையும் கமராவையும் அணைத்துவிட்டு வயரை மாட்டுங்கள். இது முக்கியம். ஆறு பின் முனையில் மின்சாரமும் வருகிறது. இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தலைகீழாக அழுத்தி மாட்டியதில் கமராவின் உள்பலகை கருகிப்போன கதை உண்டு. ஒரு பக்கம் வளைந்து, ஒரு பக்கம் நேராக இருக்கும். பொருத்தமாகப் போனால் போகட்டும், பலத்தைக் காட்ட வேண்டாம்.

இப்போது கணினியைப் போடுங்கள். பிறகு கமராவை "வீ.சி.ஆர்." அல்லது "பிளே" என்ற இடத்தில் திருப்பிப் போடுங்கள். "கமரா" என்ற இடத்தில் இருந்தால் கெசட் ஓடாது, உங்கள் முகம்தான் திரையில் வரும். எங்கள் காரியாலயத்தில் முதல் பத்து நிமிடம் கூரைத் தகரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கணினியில் ஒரு பதிவு மென்பொருள் வேண்டும். பழைய எக்ஸ்பியில் விண்டோஸ் மூவி மேக்கர் கூடவே இருக்கும், அது போதும். 2017 ஜனவரியோடு மைக்ரோசொப்ட் அதன் பதிவிறக்கத்தை நிறுத்திவிட்டது, பழைய கணினியில் இருப்பது இன்னமும் ஓடும். வின்டீவி என்ற சின்ன இலவச மென்பொருள் இன்னும் நல்லது. மூவி மேக்கரைப் பாவித்தால் "டீவி-ஏ.வி.ஐ." என்ற தரத்தைத் தேர்ந்தெடுங்கள். அது கேட்காமலே படத்தைச் சுருக்கிவிடும் பழக்கம் உள்ளது.

பதிவை ஆரம்பித்து, கமராவை ஓடவிடுங்கள். ஒரு மணித்தியாலக் கெசட் என்றால் ஒரு மணித்தியாலம் ஆகும். இதில் குறுக்கு வழி இல்லை. அந்த நேரம் கணினியில் வேறு வேலை செய்யாதீர்கள், பாட்டும் போடாதீர்கள். செய்தால் இடையில் சில படங்கள் தவறிப்போகும், தவறிய எண்ணிக்கையை மென்பொருள் காட்டும். பத்து இருபது என்று ஏறினால் நிறுத்தி மறுபடி ஆரம்பிப்பது நல்லது. இடி மின்னல் நேரம் இந்த வேலையே வேண்டாம்.

ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 13 ஜிகாபைட் இடம் பிடிக்கும். இங்கேதான் என் இரண்டாவது தவறு. 16 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் கொப்பி பண்ணப் போனேன். "இடம் போதாது" என்றது. இடம் இருக்கிறதே! விசாரித்தால், பென்டிரைவ் பழைய பெட்-32 முறையில் இருந்திருக்கிறது. அந்த முறையில் ஒரே கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் இருக்க முடியாது. எக்ஸ்பெட் அல்லது என்.டி.எப்.எஸ். முறைக்கு மாற்றிய பிறகு போனது. மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

படத்தில் சதுரம் சதுரமாகக் கட்டம் விழுந்தால் உடனே கெசட் போச்சு என்று எண்ண வேண்டாம். தலை அழுக்காக இருக்கலாம். துடைக்கும் கெசட் ஒன்று கிடைக்கும், அதைச் சில விநாடி ஓட்டிப் பாருங்கள். அல்லது அந்தக் கெசட் எல்.பி. முறையில், அதாவது 60 நிமிட நாடாவில் 90 நிமிடம் நெருக்கிப் பதிந்ததாக இருக்கலாம். அப்படிப் பதிந்தது, பதிந்த அதே கமராவில்தான் ஒழுங்காக ஓடும். ஆகவே கமராவையும் கெசட்டையும் பிரித்து விற்காதீர்கள்!

வீ.எச்.எஸ்., வீடியோ 8 வைத்திருப்பவர்களுக்கு

இவற்றில் பயர்வயர் கிடையாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர் வரும். மஞ்சள் படம், வெள்ளை இடது காதுச் சத்தம், சிவப்பு வலது காது. பழைய டெக்கில் சத்தத்துக்கு ஒரே துவாரம்தான் இருக்கும், அப்போது வெள்ளையை மாட்டினால் போதும். இந்த மூன்றையும் யூ.எஸ்.பி.க்கு மாற்றும் சின்னக் கருவி கடைகளில் உண்டு. ஈஸிகெப் என்ற பெயரில் பல தரத்தில் வருகிறது, வாங்கும்போதே கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓ.பீ.எஸ். என்ற இலவச மென்பொருளில் பதியலாம்.

இதில் ஒரு நிறப் பிரச்சினை வரும். இலங்கை, குவைத், டுபாய் எல்லாம் பால் முறை: விநாடிக்கு 25 படம், 720க்கு 576 புள்ளி. கனடா, அமெரிக்கா, ஜப்பான் என்.டி.எஸ்.சி. முறை. உறவினர் கனடாவில் இருந்து அனுப்பிய கெசட் கறுப்பு வெள்ளையாகவோ, உருண்டுகொண்டோ தெரிந்தால் முறையை மாற்றிப் பாருங்கள். டெக்கும் அந்த முறையை ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். தெரிந்த குடும்பம் ஒன்று இப்படி ஒரு கெசட்டைக் கடையில் கொடுத்து, கறுப்பு வெள்ளை டீ.வீ.டி.யாக வாங்கி வந்தது. கெசட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. கடைக்காரர் வைத்திருக்கவும் இல்லை. எங்கே கொடுத்தாலும் கெசட்டைத் திருப்பி வாங்குங்கள்.

வீடியோ 8 வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சோனியின் டிஜிட்டல் 8 கமரா 1999இல் வந்தது. அதில் பல மொடல்கள் பழைய வீடியோ 8 கெசட்டையும் ஓட்டும், பயர்வயர் வழியாகவும் அனுப்பும். அப்படி ஒன்று யாரிடமாவது இருந்தால் மூன்று வயரும் வேண்டாம்.

எடிட் பண்ணும்போது

அக்காவின் முதல் சின்னக் கெசட் 52 நிமிடம் ஓடியது. கூத்து, தப்பு, கம்பத்தைச் சுற்றிய கூட்டம். எடிட் பண்ண உதவிய தம்பி நன்றாகக் கணினி தெரிந்தவர். அவர் முன்னால் ஒரு நான்கு நிமிடத்தை வெட்டப் போனார். "இதுல ஒண்ணும் இல்ல சேர், சும்மா மேக்கப் போடுறாங்க, கமராவும் ஆடுது" என்றார். சரி என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அக்கா வந்து பார்த்தார். கூத்தைப் பார்த்தார், கண் கலங்கினார். பிறகு, "முன்னுக்கு ஒண்ணு இருந்திச்சே ஐயா, அவரு பேசுற மாதிரி" என்றார். வெட்டியதைத் திரும்ப எடுத்துப் போட்டோம். அரிதாரம் பாதி பூசிய முகம். ரதியின் சேலை தோளில். கமராவைப் பார்த்து, "போதும் விடு, பெட்டரி தீந்துரும், ஆட்டத்தப் புடிக்க வேணாமா" என்று தங்கையிடம் சொல்லிச் சிரிக்கிறார். அவ்வளவுதான். கூத்தில் பாடுவது ரதியின் குரல். இதுதான் அவருடைய சொந்தக் குரல். பேத்தி அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

ஆகவே எடிட் பற்றி என் கருத்து இது: கெசட்டில் இருந்து வந்த முழுக் கோப்பைத் தொடாதீர்கள். அதை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு, வேறு கொப்பியில் வெட்டுங்கள், ஒட்டுங்கள். ஷொட்கட், ஓபன்ஷொட் என்ற மென்பொருள்கள் இலவசம். சினிமாப் பாட்டைப் பின்னால் போடும்போது யோசியுங்கள். நம் கல்யாண வீடியோ எல்லாவற்றிலும் ஸ்டூடியோக்காரர் பாட்டைப் போட்டு, பூவும் இதயமும் பறக்க விட்டு, பெரியவர்கள் பேசிய பேச்சை முழுதாக அமுக்கிவிட்டார்கள். அந்தப் பாட்டு எங்கேயும் கிடைக்கும். பாட்டியின் பேச்சு வேறெங்கும் கிடைக்காது. அந்த ஸ்டூடியோ இன்னும் இருந்தால், பாட்டுப் போடாத மூலக் கெசட் கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

போனில் பார்க்க வேண்டுமென்றால் எம்.பீ.4 ஆக மாற்ற வேண்டும். மாற்றும்போது "டீஇன்டர்லேஸ்" என்பதைப் போடுங்கள், இல்லாவிட்டால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு விழும். ஒரு மணித்தியாலம் சுமார் 2 ஜிகாபைட்டுக்கு வந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பியது பார்க்க மட்டும். அது படத்தை மேலும் நசுக்கிவிடும். அதையே மூலம் என்று நினைத்து மற்றதை அழித்துவிடாதீர்கள்.

முழுக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு அலுமாரி அல்ல, இரண்டு வீடு. மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் நம் மாத்தளையும் ஒன்று. டவுனில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கட்டும். டீ.வீ.டி.யை நம்பாதீர்கள், அதிலும் பூஞ்சணம் பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். கெசட்டையும் எறியாமல் நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் பதிவு உள்ளவர்கள் நூலக நிறுவனத்தோடு பேசிப் பார்க்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம், இலங்கைத் தமிழ்ப் பேசும் மக்களின் நூல்களையும் ஆவணங்களையும் கணினியில் சேர்த்து வருகிறது. அவர்களுடைய ஆவணகம் பகுதியில் ஒலி, ஒளிப்பதிவுகளும் உண்டு. ஆடியவர்களிடமோ அவர்கள் குடும்பத்திடமோ கேட்டுவிட்டுக் கொடுங்கள். சடங்கு வீடியோவை மட்டும் யாரும் பேஸ்புக்கில் போட வேண்டாம். அன்று மஞ்சள் நீராடிய பிள்ளை இன்று இரண்டு பிள்ளைக்குத் தாய். அது அவருடையது, அவரைக் கேளுங்கள்.

அக்காவின் பெரிய கெசட், கல்யாணக் கெசட், இன்னும் என் மேசை லாச்சியில் டப்பாவுக்குள் உலர்ந்துகொண்டிருக்கிறது. ஓரமெல்லாம் பூஞ்சணம். எங்களிடம் உள்ள டெக்கில் அதைப் போட மனம் வரவில்லை. வேலை செய்யும் பழைய வீ.எச்.எஸ். டெக், மீண்டும் நல்ல கெசட் போடத் தேவையில்லாதது, யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கெசட் கொண்டுவருபவர்கள் சனிக்கிழமை கொழுந்து நிறுத்த பிறகு வாருங்கள். கமரா இருந்தால் அதன் அடெப்டரையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். போன முறை மூன்று பேர் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.